அசித்ரோமைசினை முறையாக எடுத்துக்கொள்வது எப்படி

ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை வீதம் மூன்று நாள் எடுத்தால் போதும் என்பதாலேயே, அசித்ரோமைசின் நம் வீடுகளில் மிக எளிதாகப் புழங்கும் ஆன்டிபயாடிக் ஆகிவிட்டது. அசித்ரால், அஸீ முதலிய பல பெயர்களில் விற்கப்படும் இந்த மருந்தின் 500 மி.கி. மாத்திரைதான், 2019ஆம் ஆண்டில் இந்தியத் தனியார் மருந்துச் சந்தையில் மற்ற எந்த ஆன்டிபயாடிக் மாத்திரையையும் விட அதிகமாகச் செலவானது. சளி பிடித்தாலும் தொண்டை கரகரத்தாலும் மருந்துக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அளவுக்கு அது பழகிப்போயிருக்கிறது. ஆனால் மூன்று நாளில் முடிவது மாத்திரை மட்டுமே, மருந்து முடிவதில்லை. கடைசி மாத்திரையை விழுங்கிய பிறகும் ஒரு வாரத்திற்கு மேல் அது உடலில் தங்கி வேலை செய்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், இதை எப்போது எடுக்க வேண்டும், எதனோடு சேர்க்கக் கூடாது, எப்போது மருத்துவரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பனவற்றில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

இதற்கான காரணம் மருந்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அசித்ரோமைசின், மேக்ரோலைடு எனப்படும் ஆன்டிபயாடிக் குடும்பத்தைச் சேர்ந்தது; அக்குடும்பத்தின் மூத்த மருந்து எரித்ரோமைசின். பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோயிலோ பகுதியிலிருந்து 1949இல் அனுப்பப்பட்ட மண் மாதிரியில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு, 1952இல் பயன்பாட்டுக்கு வந்தது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது பெரிய வரமாக இருந்தபோதிலும், வயிற்று அமிலத்தில் சிதைந்துவிடும், ஒரு நாளைக்கு நான்கு வேளை வரை விழுங்க வேண்டும், வயிற்றையும் பிசையும். யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகரில் இருந்த ப்ளிவா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1980இல் அதன் வளைய அமைப்பில் ஒரு நைட்ரஜன் அணுவைச் சேர்த்து உருவாக்கியதே அசித்ரோமைசின். அந்தச் சிறிய மாற்றத்தால் அது அமிலத்தைத் தாங்கியது. இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பதை விட நுரையீரல், டான்சில் முதலிய திசுக்களுக்குள்ளும் வெள்ளணுக்களுக்குள்ளும் புகுந்து பல மடங்கு அதிகமாகச் சேர்ந்தது. உடலில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகிறது. அதனால்தான் ஒரு நாளைக்கு ஒரு வேளை போதுகிறது. அதனால்தான் பல தொற்றுகளுக்கு மூன்று நாளும் போதுகிறது.

பாக்டீரியா தனக்குத் தேவையான புரதங்களை உற்பத்தி செய்யும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு, உருவாகும் புரதம் வெளியேறும் வழியை அடைப்பதே மேக்ரோலைடுகளின் வேலை. வைரஸுக்குச் சொந்தமான ரைபோசோம் கிடையாது. ஆகவே சளி, ஃப்ளூ, டெங்கு ஆகியவற்றில் இந்த மருந்துக்குத் தாக்க ஒன்றுமில்லை. கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் இது அள்ளிக் கொடுக்கப்பட்டது; பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ எனும் பெரிய ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு அசித்ரோமைசினால் பயன் ஏதும் இல்லை என்று 2021இல் தெளிவாகக் காட்டியது. மூக்கு ஒழுகி, உடல் வலித்து, மூன்றாம் நாள் தானாகக் குறையத் தொடங்கும் காய்ச்சலில் இந்த மாத்திரையை எடுத்தவர் குணமாவது உண்மைதான். எடுக்காதவரும் அதே நாளில்தான் குணமாகிறார். “போன முறை இதுதான் கேட்டது” என்ற நம்பிக்கை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

எந்த நோய்க்கு இது உண்மையில் தேவை?

பென்சிலின் வகை மருந்துகள் எட்டாத இடங்களில்தான் அசித்ரோமைசினின் அருமை தெரியும். மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமிக்குச் செல்சுவரே இல்லை, செல்சுவரைத் தாக்கும் அமாக்சிசிலின் அதனிடம் பலிக்காது, மேக்ரோலைடு பலிக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை நிமோனியாவுக்கு இந்தக் கிருமியே காரணம். கக்குவான் இருமலுக்கும் மேக்ரோலைடுகளே முதல் தெரிவு. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்குத் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தாலோ, பல்லில் சீழ் கட்டினாலோ மருத்துவர் இதை நாடுவார். ஒவ்வாமை இல்லாதவருக்கு அவ்விடங்களில் பென்சிலின் வகையே முதலில் வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டைபாய்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்ப மருந்துகளுக்கு இந்தியாவின் டைபாய்டுக் கிருமி பெருமளவு பழகிவிட்டதால், வாய்வழியே தரக்கூடிய நம்பகமான மருந்துகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன; அவற்றுள் அசித்ரோமைசின் முதன்மையானது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய, பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத டைபாய்டுக்கு, மாத்திரையாகத் தரக்கூடிய மருந்தாக இது ஒன்றுதான் மிஞ்சியது. வங்கதேசத்தில் இதற்கும் அடங்காத கிருமிகள் 2019இல் அடையாளம் காணப்பட்டுவிட்டன. சாதாரணச் சளிக்கு நாம் செலவழிக்கும் ஒவ்வொரு அட்டையும் எந்தக் கையிருப்பிலிருந்து போகிறது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் கூடுதலாக வரும். இதற்கு முதல் மருந்து டாக்சிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றிய நிலையில் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதை விடச் சிறந்தது என்பதை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முன்னெடுப்பில் இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு நிறுவியது. காய்ச்சல் ஐந்து நாளைக் கடந்தும் காரணம் தெரியவில்லை என்றால், அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி அழுந்தும் இடம் ஆகியவற்றில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். அது வலிக்காது, அரிக்காது. ஆகவே நோயாளிக்கே தெரிந்திருக்காது.

எங்கே இது பயன்படாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அசித்ரோமைசின் பெரும்பாலும் பித்தத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரில் மிகக் குறைவாகவே சேர்கிறது. சிறுநீர்க் கடுப்புக்கு வீட்டில் இருக்கும் இந்த மாத்திரையை எடுத்தால் நாள்தான் வீணாகும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கும் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி எடுப்பதை விட்டுவிட்டு, முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

மருத்துவர் டைபாய்டு என்று ஐயுற்றால், முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே இரத்தத்தை எடுத்து, அதில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவதே முறை. ஓரிரு மாத்திரை உள்ளே போன பிறகு எடுக்கும் இரத்தத்தில் கிருமி வளராமல் போகக்கூடும். பிறகு அது டைபாய்டா இல்லையா, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியாமலேயே வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். டைபாய்டுக்குச் செய்யப்படும் வைடல் என்னும் இரத்தச் சோதனை மலிவானது, விரைவானது; ஆனால் அதை மட்டும் நம்பி டைபாய்டு என்று முடிவு கட்டுவது சரியன்று. கடையில் வாங்கி எடுத்த இரண்டு மாத்திரைகள் செய்யும் தீங்கிலேயே மிகப் பெரியது இதுதான்: நோயின் அடையாளத்தை மறைத்துவிடுவது. ஏற்கெனவே எடுத்திருந்தால், தயக்கமின்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சட்டப்படியும் இது அட்டவணை எச்சில் உள்ள, மருந்துச் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. மாத்திரை அட்டையின் பின்புறம் ஓடும் சிவப்புக் கோடு அதைத்தான் சொல்கிறது.

சீட்டு எழுதும்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

அசித்ரோமைசின் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பான மருந்து. ஆயினும் சிலருக்கு இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை அது தாமதப்படுத்தும். ஈ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளி எனப்படும் பகுதி நீண்டுவிட்டால், துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி மயக்கமோ மரணமோ நேரலாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், அமாக்சிசிலின் எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது, அசித்ரோமைசின் எடுத்தவர்களிடையே பத்து லட்சம் சிகிச்சைகளுக்கு 47 இதயநோய் மரணங்கள் கூடுதலாக இருந்தன; ஏற்கெனவே இதய ஆபத்து மிக அதிகமாக இருந்த பிரிவினரில் அந்த எண்ணிக்கை 245 ஆக இருந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. இந்த எண்கள் அச்சமூட்டுவதற்காக அல்ல. ஆரோக்கியமான இளைஞருக்கு ஆபத்து மிக மிகக் குறைவு என்பதையும், இதய நோயாளிக்கு அது அவ்வளவு குறைவன்று என்பதையும் ஒருசேரச் சொல்லும் எண்கள் இவை.

ஆகவே மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் அல்லது சோட்டலால் எடுப்பவர், குடும்பத்தில் இள வயதில் திடீர் மரணம் நிகழ்ந்தவர் ஆகியோர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கும், வாந்தி பேதியால் துவண்டவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். அப்போது இந்த ஆபத்து கூடும்.

நம் ஊர்ச் சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் ஒரு சேர்க்கையை இங்கே தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். ஆன்டிபயாடிக் வயிற்றைக் கெடுக்கும் என்று கருதி, பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் கலந்த மாத்திரையை உடன் எழுதுவது வழக்கமாகிவிட்டது. டோம்பெரிடோனும் க்யூ-டி இடைவெளியை நீட்டும் மருந்து. வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான், காய்ச்சலுக்கே கொடுக்கப்படும் லெவோஃப்ளாக்சசின், மூட்டுவாதத்துக்கு எடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுவின், மனநல மருந்துகளில் ஹாலோபெரிடால், சிட்டலோப்ராம் முதலியவையும் அப்படியே. இவற்றில் ஒன்றை எடுப்பவர் அனைவருக்கும் தீங்கு வந்துவிடாது. ஆனால் முதியவராகவோ இதய நோயாளியாகவோ இருந்தால், “இவை இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?” என்று மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்பது உங்கள் உரிமை. வயிற்றுக்காக எழுதிய மாத்திரை உண்மையில் தேவைதானா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம், பெரும்பாலும் தேவைப்படாது. கடைசி மாத்திரைக்குப் பின்னும் மருந்து உடலில் இருக்கிறது என்பதால், சிகிச்சை முடிந்த அந்த வாரத்தில் வேறொரு மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு அசித்ரோமைசின் சேரும்போது இரத்தக் கசிவு கூடலாம், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையை அந்த வாரமே செய்துகொள்ள வேண்டும். டிகாக்சின் என்னும் இதய மருந்தை எடுப்பவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் எனும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவருக்கு இம்மருந்து மூச்சுத் தசைகளையே பலவீனப்படுத்தக்கூடும். மாற்று மருந்து இருக்கும்போது இதைத் தவிர்ப்பதே நல்லது. முன்பு அசித்ரோமைசினோ எரித்ரோமைசினோ எடுத்தபோது மஞ்சள் காமாலை வந்திருந்தால், மறுபடி எடுக்கவே கூடாது.

எரித்ரோமைசினும், அதே குடும்பத்தின் இன்னொரு மருந்தான கிளாரித்ரோமைசினும் வேறொரு விதத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுபவை. பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி ஒன்றை அவை முடக்கிவிடும். அசித்ரோமைசின் அவ்வாறு செய்வதில்லை என்றே கொள்ளலாம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், கௌட் வலிக்கான கால்ச்சிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவை அந்த இரண்டில் ஒன்றுடன் சேர்ந்தால் இரத்தத்தில் அபாய அளவுக்கு ஏறும். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழிக்க இரண்டு வாரம் வரை கிளாரித்ரோமைசின் எடுப்பவர்கள், கொழுப்பு மாத்திரையை அந்த நாள்களில் நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேட்காமல் தொடங்கக் கூடாது. ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின் எந்த மேக்ரோலைடுடனும் சேரக் கூடாது.

கர்ப்பிணிகளுக்குத் தேவைப்படும்போது அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டே வருகிறது. கிளாரித்ரோமைசினையும் எரித்ரோமைசின் எஸ்டோலேட் வடிவத்தையும் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பார்கள்.

எடுத்துக்கொள்ளும் முறை

பெரியவர்களின் பொதுவான மூச்சுக்குழாய், தொண்டை, தோல் தொற்றுகளுக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்று வீதம் மூன்று நாள், அல்லது முதல் நாள் 500 மி.கி.யும் அடுத்த நான்கு நாள் 250 மி.கி.யும் என்பது வழக்கம். இரண்டிலும் மொத்த அளவு 1.5 கிராம்தான். ஆனால் டைபாய்டுக்கு இது போதாது. அதற்கு ஏழு நாள் வரை, பெரும்பாலும் கூடுதல் அளவில் எடுக்க வேண்டியிருக்கும். சில நோய்களுக்கு ஒரே வேளையில் 1 கிராம் கொடுப்பதும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று நாள் எழுதியதை வைத்து, உங்களுக்கு எழுதிய ஏழு நாளைக் குறைக்கக் கூடாது. உங்களுக்கு எழுதிய மூன்று நாளைக் “கொஞ்சம் பலமாக இருக்கட்டும்” என்று ஐந்தாக நீட்டவும் கூடாது. மருத்துவர் சொன்ன நாள் எண்ணிக்கையைக் கடையில் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நாள் எழுதிய சீட்டுக்கு ஐந்து மாத்திரை கொண்ட அட்டை முழுதாகக் கொடுக்கப்பட்டால், மீதி இரண்டு வீட்டில் தங்கி அடுத்த சளிக்குக் காத்திருக்கும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுங்கள்; காலையா இரவா என்பது உங்கள் வசதி. மாத்திரையைச் சாப்பிட்ட பிறகும் எடுக்கலாம், முன்பும் எடுக்கலாம். வயிற்றைப் புரட்டுபவர்கள் சாப்பிட்ட பிறகு எடுத்தால் சற்று இதமாக இருக்கும். கேப்சூல் வடிவமாக இருந்தால் மட்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். உணவு அதன் உறிஞ்சுதலைக் குறைத்துவிடும். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில், டைஜீன் போன்ற அலுமினியம், மக்னீசியம் கலந்த ஆன்டாசிட் குடிப்பவர்கள் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவுக்கு வந்ததும் எடுத்துவிட்டு, அதிலிருந்து ஒரு நாள் இடைவெளியில் தொடரலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் அந்த வேளைக்குரிய ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் திரும்ப எடுக்க வேண்டியிருக்கலாம். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு எடுங்கள்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது

குழந்தை மருந்தில் தவறு நேர்வது பெரும்பாலும் அளவில்தான். அசித்ரோமைசின் சிரப் 5 மி.லி.யில் 100 மி.கி. கொண்டதாகவும், 5 மி.லி.யில் 200 மி.கி. கொண்டதாகவும் விற்கப்படுகிறது, பெட்டிகள் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பொதுவான தொற்றுக்கு உடல் எடை கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு ஒரு வேளை, மூன்று நாள் என்பது வழக்கமான கணக்கு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 150 மி.கி. 200 மி.கி. சிரப்பாக இருந்தால் 3.75 மி.லி. கொடுக்க வேண்டும், 100 மி.கி. சிரப்பாக இருந்தால் 7.5 மி.லி. சீட்டில் “ஒரு வேளைக்கு 7.5 மி.லி.” என்று எழுதியிருக்க, கடைக்காரர் மற்ற பாட்டிலைத் தந்துவிட்டால் குழந்தைக்கு இரு மடங்கு மருந்து போய்விடும். சீட்டில் எழுதிய செறிவும் பெட்டியில் அச்சிட்ட செறிவும் ஒன்றா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

தொண்டைத் தொற்றுக்கும் டைபாய்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. தொண்டைக்குக் கிலோவுக்கு 12 மி.கி. வீதம் ஐந்து நாளும், டைபாய்டுக்குக் கிலோவுக்கு 20 மி.கி. வரை ஏழு நாளும் எழுதப்படுவதுண்டு. ஆகவே மேலே சொன்ன கணக்கை மருத்துவர் எழுதியதைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாமே தவிர, நீங்களே அளவு குறிப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது. வேறுபாடு தெரிந்தால் கேளுங்கள். குழந்தையை அன்றே எடை பார்ப்பதும் முக்கியம். ஆறு மாதத்துக்கு முந்தைய எடை உதவாது.

பொடியாக வரும் பாட்டிலில் கொதித்து ஆறிய நீரை, பாட்டிலில் குறித்த கோடு வரை இரண்டு தவணையாக ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் கோட்டுக்குக் குறைந்திருந்தால் இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். கரைத்த மருந்தை லேபிளில் குறித்த நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பிறகே அளக்க வேண்டும். இல்லையெனில் மருந்து அடியில் தங்கி, முதல் நாள் குறைவாகவும் கடைசி நாள் அதிகமாகவும் போகும். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள்; மி.லி. கோடு போட்ட சிரிஞ்சோ அளவு மூடியோ வேண்டும். கசப்புக்காகக் குழந்தை துப்பினால் உடனே ஒரு வாய் பழக்கூழ் கொடுக்கலாம். ஆனால் ஒரு பாட்டில் பாலில் மருந்தைக் கலந்துவிடாதீர்கள். குழந்தை பாதியில் நிறுத்திவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறந்து ஆறு வாரம் ஆகாத சிசுவுக்கு எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் இரைப்பையின் கீழ்வாய்த் தசையைத் தடிக்கச் செய்யக்கூடும். பால் குடித்ததும் பீய்ச்சி அடிப்பது போன்ற வாந்தி தொடர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கக்குவான் இருமல் சிசுவின் உயிரையே பறிக்கும் என்பதால், இந்த ஆபத்தைத் தெரிந்தே அங்கே அசித்ரோமைசினைக் கொடுக்கிறார்கள். அந்தத் தருணத்தில் பெற்றோர் மருந்தை மறுத்துவிடக் கூடாது.

மருந்து முடிந்த பிறகு

மூன்றாம் மாத்திரை முடிந்தும் இருமல் போகவில்லை என்று நான்காம் நாளே இன்னோர் அட்டை வாங்குவது மிகப் பரவலான தவறு. அந்த நான்காம் நாளில் மருந்து திசுக்களில் போதிய அளவில் இருந்துகொண்டே இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, நிலைமை முன்னைவிடத் தேறுகிறதா என்பதே. காய்ச்சல் இறங்கி, பசி எடுத்து, இருமல் மட்டும் மிச்சமிருந்தால் பொறுத்திருக்கலாம். இருமல் ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆவது இயல்பு. மாறாக, 48 முதல் 72 மணி நேரம் கழிந்தும் காய்ச்சல் இறங்கவே இல்லை, மூச்சு வாங்குகிறது, குழந்தை சோர்ந்து கிடக்கிறது என்றால், அதே மருந்தை நீட்டுவதில் பொருளில்லை. நோய் வேறாகவோ கிருமி இதற்கு அடங்காததாகவோ இருக்கலாம். மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். டைபாய்டு மட்டும் இதற்கு விலக்கு. சரியான மருந்து கொடுத்தும் அதில் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள் ஆவது வழக்கம். பதறி மருந்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கடும் வயிற்று வலி, கருநிற மலம், மனக்குழப்பம் ஆகியவை வந்தால் காத்திருக்கக் கூடாது.

வயிற்றுப் பிசைவு, இளகிய மலம், குமட்டல் ஆகியவைதாம் பொதுவான பக்கவிளைவுகள். குடலின் அசைவைத் தூண்டும் மோட்டிலின் ஏற்பிகளை மேக்ரோலைடுகள் தூண்டுவதால் இவை வருகின்றன. எரித்ரோமைசினில் மிக அதிகம், அசித்ரோமைசினில் குறைவு. ஓரிரு நாளில் அடங்கிவிடும். படபடப்போடு தலைசுற்றி மயக்கம் வருவது, முகமோ நாக்கோ வீங்குவது, தோலில் கொப்புளமும் வாயில் புண்ணும் சேர்ந்து தோன்றுவது, கண் மஞ்சளாகிச் சிறுநீர் கருத்துப்போவது ஆகியவை வேறு வகை. அவை தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அசித்ரோமைசின் ஒவ்வாமைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: ஊசி போட்டு அடங்கிய பிறகும், மருந்து உடலில் தங்கியிருப்பதால், அது திரும்பத் தலைதூக்கலாம். ஆகவே “சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்” என்று அவசரப்படாமல் மருத்துவர் சொல்லும் காலம் வரை கண்காணிப்பில் இருப்பதே நல்லது.

நீர்த்த பேதி ஒரு நாளைக்குப் பல முறை போவதும், அதில் இரத்தம் தெரிவதும், மருந்து முடிந்து இரண்டு மாதம் வரைகூட நேரலாம். குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் எனும் கிருமி பெருகுவது அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல், ஆன்டிபயாடிக் எடுத்த செய்தியோடு மருத்துவரிடம் செல்லுங்கள். மாதக்கணக்கில் அசித்ரோமைசின் எடுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் காது மந்தமாகிறதா என்பதைக் கவனித்துவர வேண்டும்.

நீண்ட நாள் தங்கும் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. மருந்தின் அளவு மெல்ல மெல்லக் குறையும் அந்த நாள்களில், கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதற்குப் பழக்கிவிடப் போதுமான அளவு உடலில் இருந்துகொண்டே இருக்கிறது. பெல்ஜியத்தில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஒருமுறை மட்டும் அசித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ கொடுத்துத் தொண்டைக் கிருமிகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் கழித்தும், மேக்ரோலைடுக்கு அடங்காத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அவர்கள் தொண்டையில் மற்றவர்களை விடக் கூடுதலாகவே இருந்தது. 2007இல் வெளியான இந்த முடிவை அறிந்த பிறகு, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சளிக்காக இதை எடுப்பவர்களை எண்ணி எனக்கு உண்மையாகவே கவலை உண்டாகிறது. அவர்கள் தொண்டையில் வளரும் அந்தக் கிருமி, அதே வீட்டில் உள்ள தாத்தாவுக்கு நிமோனியாவாக வரும்போது இந்த மருந்துக்கு அசையாது.

ஆகவே மிஞ்சிய மாத்திரைகளை ‘அவசரத்துக்கு’ என்று வைத்திருக்காதீர்கள், உறவினருக்கும் கொடுக்காதீர்கள். கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்டினால் அங்குள்ள கிருமிகளும் பழகும். கடையிலோ மருத்துவமனையிலோ திரும்ப வாங்கிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையெனில் அட்டையிலிருந்து பிரித்து, காப்பித்தூள் சக்கை போன்ற எவரும் எடுக்க விரும்பாத குப்பையோடு கலந்து, மூடிய பையில் போடலாம். சீட்டையும் மாத்திரை அட்டையையும் கைபேசியில் படம் எடுத்துத் தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த மூன்று மாதத்துக்குள் மேக்ரோலைடு எடுத்திருந்தவருக்கு மீண்டும் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்தால், வேறு குடும்பத்து ஆன்டிபயாடிக்கைத் தேர்வு செய்யவே மருத்துவர்கள் விரும்புவார்கள். அந்தப் படத்தைக் காட்டினால் அவருக்கு அந்த முடிவு எளிதாகும்.